பன்னிரண்டு தென்னை மரங்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் புளுகாதவர் யார் என்று கேட்டால், இன்னும் பேச்சு வராத கைக்குழந்தைகள் என்றுதான் சொல்லவேண்டும். புளுகு என்றால் திருட்டுப் பொய் இல்லை. இருப்பதை இழுத்துப் பெரிதாக்குவது. தலவாக்கலைக் கடைத்தெருவுக்கு மாதம் ஒருமுறை ஒரு மருந்து லொறி வரும். குடலும் ஈரலும் வரைந்த பெரிய படத்தைத் தொங்கவிட்டு, ஒருவர் ஒலிபெருக்கியில் விஞ்ஞானம் பேசுவார். சீமையில் கண்டுபிடித்த மருந்து, ஒரு போத்தல் குடித்தால் ஒரு படி இரத்தம் ஊறும் என்பார். அம்மா இரண்டு போத்தல் வாங்கிக் குடித்தாள், மூன்று நாள் வயிற்றோட்டம். மாசி மாதக் காமன் கூத்தில் நெற்றிக்கண் நெருப்பில் ஏழு கடலும் வற்றியதாகப் பாடுவார்கள். எரிந்து முடிவது வைக்கோலும் வரட்டியும்தான். மைதானத்தில் கூட்டம் போட்டுப் பேச வருகிறவர்கள், அடுத்த வருடம் ஆளுக்கொரு சொந்த வீடு என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்வார்கள். கை சிவக்கத் தட்டிவிட்டு, ஒற்றை அறைகள் வரிசையாய் ஒட்டிய எங்கள் லயத்துக்குத் திரும்புவோம்.

இவர்களில் ஒருவரையும் யாரும் கூப்பிட்டு, நீ சொன்னது உண்மையா என்று கேட்டதில்லை. என் அப்பாவைத்தான் கேட்டார்கள்.

அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். கையில் கத்தியை எடுத்தால் முழங்காலுக்கு மேல் ஒரு கிளை நிற்காது. பேச்சில் மட்டும் அவருக்கு எதையும் வெட்ட மனம் வராது. மலையில் ஒரு சாரைப்பாம்பைக் கண்டால், வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது படமெடுத்துவிடும். "எங்க ஊருல..." என்று ஆரம்பித்தால் பக்கத்துக் காம்பராக்காரர்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார்கள். அந்த ஊர் கடல் தாண்டி இந்தியாவில் துறையூர்ப் பக்கம் எங்கேயோ இருந்தது. தாத்தா அங்கிருந்து வந்தவர். அப்பா பிறந்தது வட்டகொடைக்கு மேலே எங்கள் லயத்தின் ஏழாவது காம்பராவில். கடலை அவர் பார்த்ததேயில்லை.

அவரை மட்டும் சொல்லக்கூடாது. எல்லா லயத்திலும் இதே கதைதான். நாங்கள் படுத்த காம்பராவும் நட்ட செடியும் தோட்டத்துக்குச் சொந்தம். அதனால் பார்க்காத ஊரில் ஆளுக்குக் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டோம். கல்யாணப் பேச்சில் அந்த நிலம் நன்றாக உதவும். "ஊர்ல என்ன இருக்கு?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள். பெண் வீட்டார் அளந்து விடுவார்கள். போய்ப் பார்க்க யாருக்கும் வழியில்லை.

எனக்குப் பூண்டுலோயாவிலிருந்து ஒரு பேச்சு வந்தது. பையனை நான் கோவில் திருவிழாவில் ஒருமுறை பார்த்திருந்தேன். காவடிக்கு முன்னால் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு வந்தவர், என் தங்கச்சியின் காலை யாரும் மிதித்துவிடாமல் கையைக் குறுக்கே நீட்டி நின்றார். அவ்வளவுதான். அதற்குப்பின் கொழுந்து பறிக்கையில் என் விரல்கள்தான் வேலை செய்தன. இந்த இடம் கைவிட்டுப் போகக்கூடாது என்று நான் ஒவ்வொரு சாமியாகக் கும்பிட்டேன். இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை.

அவருடைய அப்பா கொஞ்சம் ஆட்களை வேலை வாங்கும் ஒரு சில்லறைக் கங்காணி. ஒரு காலத்தில் எங்கள் தோட்டத்தில் பத்து வருடம் வேலை செய்துவிட்டுப் பூண்டுலோயாவுக்குப் போனவர். நல்ல மனிதர், ஆனால் அந்தஸ்து பார்ப்பவர். ஊரில் என்ன இருக்கிறது என்று அவரும் கேட்டு அனுப்பினார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதுவரை படித்தவள் நான். எங்கள் வீட்டுக் கடிதமெல்லாம் என் கைதான் எழுதும். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டு ஏக்கர் நஞ்சை என்றார், எழுதினேன். ஒரு ஓட்டு வீடு என்றார். நான் மாடி வீடு என்று எழுதினேன். வீட்டுக்கு ஒரு கிணறு வேண்டுமே என்று நானாகவே கிணறு வெட்டினேன், வடக்குப் பக்கத்தில், கல் படிக்கட்டோடு.

"தென்னமரம் நாலு போடு ஆயி, போதும். நம்புற மாதிரி இருக்கணும்" என்றார் அப்பா. என்னை அவர் ஆயி என்றுதான் கூப்பிடுவார்.

எனக்கு நாலு என்பது ஏழைத்தனமாகப் பட்டது. பன்னிரண்டு என்று எழுதினேன். வாசித்துக் காட்டியபோது அப்பா வாய்விட்டுச் சிரித்தார். என்னையே மிஞ்சிட்டாளே என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். ஒரே மாதத்தில் வெற்றிலை மாற்றினோம்.

இதற்குச் சில வருடங்களுக்கு முன்பே அப்பா பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு எங்களை எந்தக் கணக்கிலும் இல்லாதவர்களாக ஆக்கிவிட்டு, வேண்டுமென்றால் மனுப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு சட்டமும் கொண்டுவந்திருந்தார்கள். அம்மா, நான், தங்கச்சி எல்லோரும் அப்பாவின் மனுவுக்குள்தான் இருந்தோம். அவருக்குக் கிடைத்தால் எங்களுக்கும் கிடைக்கும். மனு எழுதிக் கொடுத்தவர் அப்போதே எச்சரித்திருந்தார்: இந்த நாட்டிலேயே கடைசிவரை இருக்கிறவர்களுக்குத்தான் தருவார்கள், இந்தியாவில் சொத்து உண்டு என்று வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள் என்று. அப்பா அன்று உள்ளதை உள்ளபடி சொன்னார். இந்தியாவில் ஒன்றுமில்லை என்று மனுவில் எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்து அவர் எதையும் சேர்க்காமல் பேசியது அந்த ஒரு இடத்தில்தான்.

கல்யாணத்துக்குத் தேதி குறித்த பிறகு விசாரணைக்குக் கடிதம் வந்தது. அப்பா இத்தனை வருடமாகத் தோட்டத்தைவிட்டு எங்கும் போகவில்லை என்று சொல்ல, பழகின ஒருவரைச் சாட்சியாகக் கூட்டிவரவேண்டும். சம்பந்தி தானே முன்வந்தார். பத்து வருடம் ஒன்றாக வேலை செய்தவர், கங்காணி வேறு. அவரைவிட நல்ல சாட்சி கிடைக்குமா என்று எல்லோரும் சொன்னார்கள். சொத்தைப் பற்றிக் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள் என்று அவரிடம் சொல்லத்தான் எங்களுக்கு வழியில்லை. சொன்னால் கடிதத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். விசாரணைக்கு முந்தின நாள் முழுக்க அப்பா அதே யோசனையாக இருந்தார். "கேக்க மாட்டாங்க ஆயி. எங்க இருந்தான், என்ன வேலை செஞ்சான், அவ்வளவுதான் கேப்பாங்க" என்று என்னிடம் சொன்னார். எனக்குச் சொன்னாரா, அவருக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

கேட்டார்கள்.

மனுவில் பெயர் இருந்ததால் நானும் அப்பாவோடு விசாரணைக்குப் போயிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி ஆங்கிலத்தில் பேச, பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார். எத்தனை வருடமாகத் தெரியும், எந்தத் தோட்டம் என்பதெல்லாம் முடிந்தது. அப்பா மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"இந்தியாவிலே இவருக்குக் காணி, வீடு ஏதும் இருக்கோ?"

சம்பந்தி தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இருக்குங்க தொரை. லேசுப்பட்ட குடும்பம் இல்லீங்க. ரெண்டு ஏக்கர் நஞ்சை, மாடி வீடு, கல்லுப் படி வச்ச கெணறு, பன்னெண்டு தென்னமரம்."

ஒன்றையும் அவர் மறக்கவில்லை. நான் எழுதின வரிசையிலேயே சொன்னார். அதிகாரி மனுவைப் புரட்டிப் பார்த்தார். பிறகு எழுத ஆரம்பித்தார். அவர் பேனா நிற்கும்வரை நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவர் சொல்றது உண்மையோ?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார் தமிழில் சொன்னவர்.

பொய் என்று ஒரு வார்த்தை போதும். எங்கள் நாலு பேருக்கும் அந்த ஒரு வார்த்தையில் ஒரு நாடு இருந்தது. ஆனால் அதைச் சம்பந்தியின் முன்னால் சொல்லவேண்டும். சொன்னால் அங்கேயே என் கல்யாணம் நின்றுபோகும். அப்பா அதிகாரியைப் பார்க்கவில்லை, சம்பந்தியையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டியிருக்கலாம், சொல்லிவிடுங்கள் அப்பா என்று. ஆட்டவில்லை. எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டியிருந்தது.

"உண்மைதாங்க" என்றார் அப்பா.

வெளியே வந்ததும் சம்பந்திக்கு ஒரே சந்தோஷம். "நல்லா அழுத்திச் சொல்லிட்டேன் சம்பந்தி. நம்மள ஒண்ணுமில்லாத பயலுகன்னு நெனைச்சிறக் கூடாது பாருங்க" என்றார். அந்த மனிதர் மனதில் ஒரு துளி வஞ்சகம் கிடையாது. எங்களைப்போல் அவரை யாரும் எச்சரித்திருக்கவில்லை; சொத்துள்ளவன் என்றால் சர்க்காருக்கு மதிப்பு வரும் என்று நம்பினார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நல்லாச் சொன்னீங்க" என்றார். தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போய் வடை வாங்கிக் கொடுத்தார். அன்று அப்பா ஊரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

தை மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது. வயிற்றில் ஆறு மாதப் பிள்ளையோடு அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது பதில் வந்தது. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் வாசித்துச் சொன்னார். மனுவில் இல்லை என்று எழுதிவிட்டு விசாரணையில் உண்டு என்று ஒப்புக்கொண்டதால் மனு தள்ளுபடி. மேலே முறையிட மூன்று மாதம் தவணை இருந்தது.

"இப்பவாவது உண்மையச் சொல்லுங்கப்பா. கல்யாணந்தான் முடிஞ்சிருச்சே" என்றேன்.

அப்பா கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். "சொல்லணும்னா ஓன் மாமனாரு மறுபடி வந்து, நான் சொன்னது பொய்யின்னு சொல்லணும். அப்புறம் நீ அந்த வீட்டுல எப்படி இருப்ப? புளுகிக் கட்டி வச்சானுங்கன்னு ஆயுசுக்கும் சொல்லுவாங்க. வுடு ஆயி."

நானே மாமாவிடம் சொல்லியிருக்கலாம். இன்று சொல்கிறேன் நாளை சொல்கிறேன் என்று மூன்று மாதத்தையும் ஓட்டினேன். பிள்ளை பிறந்தது, தவணை முடிந்தது. நான் கோழை. அதைவிட நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. மனு ஏன் தள்ளுபடியானது என்று தெரியாத மாமா, பேரனை மடியில் வைத்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்: "இதுக்கு ஏன் மொகத்தத் தொங்கப் போடுற? எங்கள மாதிரி போக்கிடம் இல்லாதவங்கதான் பயப்படணும். ஒங்கப்பா போனா அங்க ராசாவாட்டம் இருக்கலாம்." மாமா வீட்டு மனு பாஸாகியிருந்தது. என் புருஷன் பிரஜையானதால் பிறகு எனக்கும் கொடுத்தார்கள். பெற்றவர்களும் தங்கச்சியும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

சில வருடம் அப்படியே ஓடியது. அப்பாவுக்கு வயதாகி வேலை நின்றது. காம்பராவை விடவேண்டும் என்றார்கள். எந்த நாட்டுக்காரி என்று சொல்ல ஒரு காகிதமில்லாத தங்கச்சிக்குச் சம்பந்தமும் கூடிவரவில்லை. கடைசியில் அப்பா இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தார்.

கப்பலுக்குத் தலைமன்னார் போவதற்காக வட்டகொடையில் ரயில் ஏறினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. மாமா ஒரு தார் வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்து, "வீட்ட ரொம்ப நாளாப் பூட்டி வச்சிருப்பீங்க, மொதல்ல மாடி ஓட்ட மாத்துங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னால்தானே அப்பா, என்னால்தானே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா குனிந்து என் காதருகில் வந்தார்.

"அந்தக் கெணத்த வீட்டுக்கு எந்தப் பக்கம் ஆயி வெட்டின?"

"வடக்குப் பக்கம்பா."

"சரி. போயி எறைச்சுக்கிறேன்" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். ரயில் நகர்ந்துவிட்டது.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தங்கச்சி கையெழுத்து, அப்பா சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள். மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, சத்தமாகப் படிம்மா என்றார். சுகமாக வந்து சேர்ந்தோம். வீடு நல்ல நிலையில் இருக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். கிணறு வடக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, தண்ணீர் தித்திக்கிறது. தென்னையெல்லாம் நல்ல காய்ப்பு. சம்பந்திக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

அதற்கும் கீழே, தாளின் ஓரத்தில், பொடி எழுத்தில் இன்னும் இரண்டு வரி இருந்தது. "அக்கா, இங்கே நம்மை யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் மாட்டுக் கொட்டகையில் இருக்கச் சொல்லியிருக்கிறார், அப்பாவுக்குக் காய்ச்சல்."

"அவ்வளவுதானா?" என்றார் மாமா.

"அவ்வளவுதான் மாமா" என்றேன்.

அவர் பேரனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் அன்னைக்கே தொரைகிட்ட சொன்னேனே" என்றார்.