முப்பத்திரண்டாவது கட்டம்

நார்மன் டெல்வெக்கியோ நியூஜெர்சியில் முப்பத்து நான்கு வருஷம் லிஃப்ட் சோதித்த மனிதர். எட்டு பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கும் லிஃப்டில் பத்து பேர் எடையை ஏற்றி, மேலும் கீழும் மூன்று தடவை ஓடவிட்டு, அதற்கப்புறமும் ஒரு தடவை கயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அப்படிப்பட்டவர் ஊரைக் காலி செய்துவிட்டு ஏதாவது ஒரு கிராமத்து மாநிலத்துக்குப் போய், சொந்தக் கிணறு, சொந்த விறகு, சொந்த உருளைக்கிழங்கு என்று யார் தயவும் இல்லாமல் வாழலாம் என்று நினைத்தால் என்ன ஆகும்? பதினோரு வருஷம் ஆகும். அதுதான் ஆயிற்று.

அந்தப் பதினோரு வருஷமும் ஒரு பச்சை ஃபைலில் இருந்தது. பத்தொன்பது மாநிலங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. மண், மழை, கிணற்றின் ஆழம், பனிக்காலத்தின் நீளம், கரடி, பாம்பு, பல் டாக்டர் எத்தனை மைல் என்று குறுக்கே முப்பத்தொரு கட்டங்கள். கட்டத்துக்குப் பத்து மதிப்பெண். மொன்டானாவுக்கு மனித நடமாட்டமே இல்லை என்று பத்து கொடுப்பார், மறுவாரம் பல் டாக்டர் நடமாட்டமும் இல்லை என்று பிடுங்கிக்கொள்வார். ஆர்கன்சாவில் கிணறு பார்க்கப் போன இடத்தில் பாம்பு குறுக்கே போனது. அதோடு ஆர்கன்சாவின் கதை முடிந்தது.

முப்பத்திரண்டாவதாக ஒரு கட்டம் உண்டு. தலைப்பு 'ரோ'. ரோ என்றால் ரோசலி, நார்மனின் மனைவி, ஒரு பல் ஆஸ்பத்திரியின் முன்மேஜையில் உட்கார்ந்து ஊர்ப்பட்ட நோயாளிகளைச் சமாளிப்பவர். அந்தக் கட்டத்தில் மட்டும் மதிப்பெண் கிடையாது. பத்தொன்பது வரிசையிலும் 'கேட்க வேண்டும்' என்று எழுதியிருந்தது. ஒன்பது கோடை விடுமுறைகளை யார் யார் கிணற்றையோ எட்டிப் பார்ப்பதில் கழித்தவரிடம், "உனக்கு இங்கே வர இஷ்டமா?" என்று ஒரு வார்த்தை கேட்க இந்த மனிதருக்கு வாய் வரவில்லை. மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? அந்த பயம்தான், வேறொன்றுமில்லை. ரோசலியும் ஃபைலைத் திறந்து பார்த்ததில்லை. கரடிக்கு எத்தனை மார்க் என்று தெரிந்து அவருக்கு என்ன ஆகப்போகிறது?

இப்படியாக, ஒரு ஆகஸ்ட் கடைசியில் இருவரும் எங்கள் மெய்ன் மாநிலத்தில், ஹார்லோ கார்னர் என்ற ஊரில் வந்து நின்றார்கள். ஆர்டிஸ் பிங்கம் அம்மாளின் வீடு விலைக்கு வந்திருந்தது. ஒழுகாத கூரை, வற்றாத கிணறு, இரண்டு விறகடுப்பு, காய்த்துத் தொங்கும் ஆப்பிள் மரங்கள். கழிப்பறை மட்டும் வீட்டுக்குப் பின்னால் நாற்பது அடி தள்ளி, மரப்பலகைக் கூண்டாக நின்றது. தண்ணீர் வேண்டாம், மின்சாரம் வேண்டாம் என்று நார்மன் அதற்குப் பத்துக்குப் பத்து போட்டார். ரோசலி போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, "சரி" என்றார். எந்தச் சரி என்று நார்மனுக்குப் புரியவில்லை. கேட்கவுமில்லை.

"எனக்கு முழங்கால் ரெண்டும் போச்சு. பேங்கர் பட்டணத்துல லிஃப்ட் வச்ச அபார்ட்மென்ட் பாத்துட்டேன்" என்றார் ஆர்டிஸ்.

"எந்த வருஷத்து லிஃப்ட்?" என்று நார்மன் கேட்டார், முகம் அப்படியே பிரகாசமாகி.

"ஏறினா மேல போகுது. அது போதும் எனக்கு. இதோ பாருங்க, பாஸ்டன்காரங்க ரெண்டு பேர் இந்த வீட்டைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. நாளைக்குச் சனிக்கிழமை. சாயங்காலம் மண்டபத்துல ஊருக்கே பீன்ஸ் சாப்பாடு இருக்கு, அங்க வந்து ஆமாவா இல்லையான்னு சொல்லிடுங்க. அதுக்கு மேல நான் காத்திருக்க மாட்டேன்."

சனிக்கிழமை காலையில் எங்கள் ஊர்க்காரர்களைப் பார்க்க வேண்டுமானால் தேவாலயத்துக்கோ கடைத்தெருவுக்கோ போய்ப் பயனில்லை, குப்பைக் கிடங்குக்குத்தான் போக வேண்டும். ஜனங்களை எடைபோடலாம் என்று நார்மனும் ஃபைலும் கையுமாகப் போனார். அங்கே ஓரமாக ஒரு கொட்டகை. தனக்கு வேண்டாத நல்ல சாமானை அலமாரியில் வைக்கலாம், பிறர் வைத்ததில் வேண்டியதை எடுத்துப் போகலாம். நார்மன் கண்ணில் ஒரு மாவரைக்கும் இயந்திரம் பட்டது. கையால் சுற்றுவது, கனத்த இரும்பு. யார் தயவும் இல்லாமல் வாழ நினைப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தூக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. ஃபைலை அலமாரியில் வைத்தார், இயந்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போய்க் காரில் ஏற்றினார், திரும்பி வந்தார். ஃபைல் இல்லை.

கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் லைல் பீல், உடைந்த ஊஞ்சல் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"என் ஃபைலை யாரோ எடுத்துட்டாங்க" என்றார் நார்மன்.

"எங்க வச்சீங்க?"

"அந்த அலமாரியில."

"அப்ப அது உங்க ஃபைல் இல்லையே."

"ஒரு நிமிஷம் கை ஒழியலைன்னு வச்சேங்க."

"அலமாரியில வச்சா வச்சதுதான்" என்றார் லைல் பொறுமையாக. "போன வருஷம் எங்க போதகர் ஒரு கோட்டைப் போட்டுப் பாக்குறதுக்காகத் தன்னோட கோட்டைக் கழட்டி வச்சார். திரும்பிப் பாத்தா காணோம். இன்னிக்கும் போட்டுப் பாத்த அந்தக் கோட்டோடதான் பிரசங்கம் பண்றார். கை நீளம் பத்தாது, பாவம்."

"யார் எடுத்தாங்கன்னாவது சொல்லுங்க."

"அது வழக்கமில்லீங்க."

நார்மன் அலமாரிக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். மண்ணும் மழையும் போனால் போகட்டும், அவருக்கு அதெல்லாம் மனப்பாடம். அந்தக் கடைசிக் கட்டம் யார் கையிலோ இருக்கிறதே! சுற்றிச் சுற்றி அது ரோசலியிடம் போய்ச் சேர்ந்தால்?

"தொலைஞ்சா நல்லதுன்னு விடு, நார்ம்" என்றார் காரில் காத்திருந்த ரோசலி. "பதினோரு வருஷமா எழுதினது தலையில இல்லாம போயிடுமா? வீட்டைப் பாத்தாச்சு. ஆமாவா இல்லையா, அதைச் சொல்லிட்டுப் போவோம்."

"ஃபைல் இல்லாம எப்படிச் சொல்றது?"

"அப்படி என்னதான் இருக்கு அதுல?"

"ஒண்ணுமில்ல" என்றார் நார்மன், காரைக் கிளப்பிக்கொண்டே.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மண்டபத்துக்குப் போனார்கள். நீள நீள மேஜைகள். அடுப்பில் ராப்பகலாக வெந்த பீன்ஸ், சிவப்புச் சாசேஜ், கருப்பு ரொட்டி, ஆப்பிள் பை. உள்ளே நுழைந்ததுமே நார்மனுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் பல்லைக் காட்டினார்கள். பீன்ஸ் பரிமாறிய தாடிக்காரர் குனிந்து, "நீங்கதானே கடிக்கிற கருப்பு ஈக்கு மூணே மூணு மார்க் குறைச்சவர்?" என்று கேட்டார். "ஜூன் மாசம் ஒரு தடவை சட்டையில்லாம வெளிய வந்து நில்லுங்க, அப்புறம் பேசுவோம்."

நார்மன் கரண்டியைக் கீழே வைத்தார். பக்கத்து மேஜையில் பச்சையாக ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. அவருடைய ஃபைலேதான்! ஆளுக்கு ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, கணக்கு வாத்தியார் பரீட்சைத் தாள் திருத்துவது மாதிரி திருத்திக்கொண்டிருந்தார்கள். மற்றப் பதினெட்டு மாநிலங்களை ஒருவரும் சீண்டவில்லை. மெய்ன் வரிசையில்தான் அத்தனை பென்சிலும் விளையாடியிருந்தது. கடைசியில் அது ஆர்டிஸ் கைக்கு வந்தது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி வந்து இவர்களுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்காதீங்க. தப்புத் தப்பா எழுதியிருந்தீங்க. ஊர் பேரு கெட்டுடக் கூடாதுன்னு திருத்திக் கொடுத்திருக்கோம்" என்று சொல்லி வாசிக்க ஆரம்பித்தார். "மண்ணுக்கு எட்டுன்னு போட்டிருந்தீங்க. லைல் அதை அடிச்சு ஒண்ணு போட்டிருக்கார், 'கல்லு மட்டும் நல்லா விளையும்'னு. பனிக்காலம் அஞ்சு மாசம்னு எழுதியிருந்தீங்க. ஏழு பேர் சேர்ந்து அதை ஏழு மாசம் ஆக்கியிருக்காங்க. தனிமைக்குப் பத்து. 'பக்கத்துல ஆர்டிஸ் இருக்கிறவரைக்கும் தனிமை ஏது'ன்னு எந்தக் கழுதையோ எழுதியிருக்கு. அது யாருன்னு எனக்குத் தெரியும்."

அடுத்த மேஜையில் லைல் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"அப்புறம் இது. பிறர் தயவு தேவைப்படாமை, பத்துக்கு ஒன்பது. இதைக் கேட்டு மண்டபமே சிரிச்சுது. போன ஜனவரியில மட்டும் என் வண்டியைப் பள்ளத்துலேருந்து நாலு தடவை இழுத்துவிட்டாங்க. புகைபோக்கி தீப்பிடிச்சப்ப ஓடி வந்தது இந்த மேஜையில இருக்கிற ஆறு பேரு. சைபர் போட்டோம். மொத்தம் இருநூத்து நாப்பத்தொண்ணுன்னு இருந்தது. இப்ப தொண்ணூத்தாறு."

அதுவரை கடைசியில் கிடந்த நெவாடாவே நூற்றுப் பன்னிரண்டு. ஆனால் நார்மன் அந்தக் கணக்கில் இல்லை. ரோசலியின் கை ஃபைலை நோக்கிப் போனதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசிக் கட்டத்தை நாங்க யாரும் தொடலை. அது எங்க வேலை இல்லை" என்று சொல்லி, ஆர்டிஸ் ஃபைலை நார்மனைத் தாண்டி ரோசலியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ரோசலி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாக விரலை ஓட்டினார். ஐடஹோ, கேட்க வேண்டும். வெர்மான்ட், கேட்க வேண்டும். மேற்கு வர்ஜீனியா, கேட்க வேண்டும். நீல மை, கருப்பு மை, பென்சில் என்று ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு விதமாக எழுதியிருந்தது. பத்தொன்பதையும் முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கரடி எத்தனைன்னு கேட்டு அரசாங்கத்துக்கு லெட்டர் போட்டியே, ஞாபகம் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"பக்கத்துல நான்தானே உக்காந்திருந்தேன்? அந்த லெட்டருக்கு ஸ்டாம்ப் ஒட்டினது யாரு?"

நார்மன் தட்டைத் தள்ளி வைத்தார். "நீ மாட்டேன்னு சொல்லிட்டா, ரோ, நான் மறுபடி கேக்க மாட்டேன்" என்றார் மெல்ல. "அதோட முடிஞ்சு போயிடும். கேக்காம இருக்கிற வரைக்கும் இந்த ஆசையாவது இருக்குமேன்னு நினைச்சேன்."

ரோசலிக்குக் கோபம் வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. பதினோரு வருஷமாக, தன்னை ஒரு சூட்கேஸ் மாதிரி கூட்டிக்கொண்டு அலைகிறான் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். "கூமுட்டை" என்றார். "இப்ப கேளு."

"இங்கேயா?"

"இங்கதான். ஊரே படிச்சாச்சு, இனிமே என்ன வெக்கம்?"

மண்டபம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. எங்கள் ஊரில் அடுத்தவர் பேச்சைக் கேட்பது மரியாதை இல்லை, ஆகையால் எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள்.

"உனக்கு இங்க வர இஷ்டமா, ரோ?"

"பென்சில் வேணும்" என்றார் ரோசலி. லைல் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தார். ரோசலி 'கேட்க வேண்டும்' என்பதைக் குறுக்கே அடித்துவிட்டு, பக்கத்தில் ஏழு என்று எழுதினார்.

நார்மன் அந்த மதிப்பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "பத்துக்கா?"

"பின்ன, முன்னூத்துப் பத்துக்கா?"

"மீதி மூணு?"

"நாப்பது அடி" என்றார் ரோசலி. "அந்தக் கூண்டுக்குப் பத்துக்குப் பத்து போட்டியே, அதைப் பாத்ததும் எனக்கு உன்மேல இருந்த மரியாதையே போச்சு. கழிப்பறை வீட்டுக்குள்ள வரணும். அப்புறம் பேசலாம்."

"பாஸ்டன்காரங்களுக்கு இல்லைன்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டார் ஆர்டிஸ்.

நார்மன் தலையாட்டினார். தொண்ணூற்றாறும் ஏழும் நூற்றுமூன்று. பத்தொன்பது மாநிலங்களில் அதைவிடக் குறைவாக எதுவும் வாங்கியதில்லை. அந்த மாநிலத்துக்கு அக்டோபரில் சாமானைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

புதுக் கழிப்பறைக்கான கழிவுநீர்க் குழியைத் தன்னந்தனியாகத் தோண்டப் போவதாக நார்மன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். இரண்டடி தோண்டியதும் பாறை. லைல் குழி தோண்டும் இயந்திரத்தோடு வந்தார், தாடிக்காரர் குழாயோடு வந்தார், போதகர் கை நீளம் பத்தாத கோட்டோடு வந்து நின்று யோசனை சொன்னார். நவம்பர் பாதிக்குள் கழிப்பறை வீட்டுக்குள் வந்துவிட்டது. முதல் நாள் உபயோகித்துவிட்டு வெளியே வந்த ரோசலி நேராக ஃபைலை எடுத்தார், ஏழு என்பதை அடித்தார், ஒன்பது என்று போட்டார்.

மீதி ஒன்று எதற்கு என்று நார்மனுக்கு இதுவரை தெரியாது. ஓரத்தில் 'கேட்க வேண்டும்' என்று எழுதி வைத்திருக்கிறார்.