மாமியாருக்கு வயிற்றுப்புண் என்று சொன்னார்கள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாதம். நாங்கள் மண்ணூரில் இருக்கிறோம். என் கணவருக்கு ஒரகடத்தில், வண்டிகளுக்கு சீட் தயாரிக்கும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் வேலை. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. எனக்கு வாய் நீளம், அவருக்குப் பொறுமை நீளம் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அந்தப் பொருத்தத்தில்தான் எங்கள் குடித்தனம் இத்தனை வருஷம் ஓடியது.

அப்போது கம்பெனிக்குப் புது மெஷின் வந்திருந்தது. அதைப் பொருத்திக் கொடுக்க அமெரிக்காவிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார், கறுப்பினத்தவர். கேன்டீனில் என் கணவரோடுதான் உட்காருவார். இவர் அடிக்கடி எழுந்து பாத்ரூம் போவதைப் பார்த்துவிட்டு, பிராஸ்டேட் டெஸ்ட் எடுத்தாயா என்று கேட்டிருக்கிறார். ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி அது. அவருடைய அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அதில் புற்றுநோய் வந்ததாம். எங்கள் இனத்து ஆண்களுக்கு அது மற்றவர்களைவிட அதிகமாக, சீக்கிரமாக வருவதால் வருஷம் தவறாமல் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேன், நீயும் உன் வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று விசாரி என்றாராம்.

என் கணவர் இதை வீட்டுக்கு வந்து பெரிய ஜோக் மாதிரி சொன்னார். "அது அவங்க ஆளுங்களுக்கு வர்றது. கறி, சீஸுன்னு துன்னுகினே கீறாங்க. ரசஞ்சோறு துன்றவனுக்கு இன்னாத்துக்கு வரப்போவுது?"

ரசஞ்சோறு சாப்பிட்டது அவங்க அப்பா காலத்தோடு முடிந்துபோச்சு என்று நான் பதிலுக்குச் சீண்டினேன். இவர் சாப்பிட்டது ஷிப்ட் முடிந்து ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி அடிக்கிற பரோட்டா சால்னா. தூக்கம் ஒரு வாரம் பகலில், ஒரு வாரம் ராத்திரியில். நடை என்பது வீட்டிலிருந்து கம்பெனி பஸ் வரைக்கும். ஆனால் அவர் மனசில் தான் இன்னும் ரசஞ்சோற்று ஆள்தான்.

அடிக்கடி பாத்ரூம் போவதற்கும் அவரிடம் காரணம் தயாராக இருந்தது. லைனில் நிற்கிறவன் நினைத்தபோது போக முடியாது. மாற்று ஆள் வந்து நின்றால்தான் நகரலாம். அதனால் லைன் ஆட்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள், வந்தாலும் அடக்கிக்கொள்வார்கள். இத்தனை வருஷம் அடக்கினதால் வந்த உடம்புச்சூடு என்றார். அவரோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தத் தொந்தரவு உண்டு என்பதால் நானும் நம்பினேன். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன், எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தேன். பிறகு இடுப்புவலி வந்தது. கம்பெனி பஸ் சீட் சரியில்லை என்றார். சீட் செய்கிற கம்பெனிக்காரருக்கே இந்தக் கதியா என்று நான் சிரித்தேன்.

அடுத்த பங்குனியில் ஒருநாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிராஸ்டேட்டில் தொடங்கி எலும்புவரைக்கும் போய்விட்டது என்றார். இனி தள்ளிப்போடத்தான் முடியும், குணமாக்க முடியாது என்றார்.

நம்ம ஆளுங்களுக்கு இது வராதுன்னாங்களே மேடம் என்று என் கணவர் கேட்டார். நியாயம் கேட்கிற குரல் அது.

அதற்கு அந்த டாக்டரம்மா கோபப்படவில்லை. நமக்குக் குறைவு என்று கணக்கு சொல்வது நிஜம்தான், ஆனால் நம் ஊரில் டெஸ்ட் எடுத்துக்கொள்கிறவர்களே குறைவு, அதனாலும் அந்தக் கணக்கு குறைகிறது என்றார். "அந்தக் கணக்கெல்லாம் கூட்டத்துக்குங்க. உங்க ரத்தத்துல இன்னா இருக்குன்னு அது சொல்லாது" என்றார். அப்புறம் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். அப்பா பக்கத்தில் யாருக்கும் இல்லை. உடனே, அம்மாவுக்கு மார்பிலோ சினைப்பையிலோ கட்டி இருந்ததா என்று கேட்டார்.

ஆம்பளைக்கு வந்த நோய்க்கு அவர் அம்மாவின் மார்பை எதற்கு இழுக்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. என் மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வயிற்றுப்புண்ணில் போனவர். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "மார்லதான் மேடம்" என்றார்.

அம்மா நோயில் கிடந்த சமயம் என் கணவரின் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். தாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் பெண்ணை எவன் எடுப்பான்? அதனால் வயிற்றுப்புண் என்று ஊருக்குச் சொன்னார்கள். பிறகு வந்த மருமகளுக்கும் அதையே சொன்னார்கள். இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்த மனுஷன் என்னிடம்கூடச் சொல்லவில்லை. நோயாளியைத் திட்ட முடியாமல் நான் வெளியே வந்து, வராந்தாவில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

ரத்தத்தைப் பரிசோதித்ததில், தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ பிள்ளைக்கு வரும் ஒரு மரபணுக் கோளாறு அவரிடம் இருந்தது. ஆணுக்கு வந்தால் பிராஸ்டேட்டைத் தாக்கலாம், பெண்ணுக்கு வந்தால் மார்பைத் தாக்கலாமாம். கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும், முன்னாடியே தெரிந்தால் காப்பாற்ற வழி இருக்கிறது என்றார் டாக்டரம்மா. எங்களுக்கு ஒரே மகள், காலேஜில் படிக்கிறாள். அவளும் ரத்தம் கொடுத்தாள். அவளுக்கும் இருக்கிறது.

படப்பையில் இருக்கும் என் நாத்தனாரிடம் எத்தனையோ தடவை சொன்னேன். அவள் மகளுக்கு அப்போது ஒரு நல்ல இடம் கூடி வந்திருந்தது. "நிச்சயம் முடியட்டும் அண்ணி, அப்புறம் பாத்துக்கலாம். அண்ணனுக்குக் கிட்னின்னு சொல்லுங்க, போதும். நாளைக்கு உங்க பொண்ணையும் கட்டிக் குடுக்கணும் இல்ல?" என்றாள்.

என் கணவர் போன வருஷம் தை மாதம் இறந்துபோனார். கடைசியில் தண்ணீர்கூட ஸ்பூனில்தான் இறங்கியது. துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் நாத்தனார் கிட்னி ஃபெயிலியர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் உடம்பு நடு வீட்டில் கிடக்கும்போதே அந்தப் பொய் வாசலில் நின்று ஆட்களை வரவேற்றது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

காரியத்தன்று சொந்தமெல்லாம் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்று சொன்னேன். "அவருக்குக் கேன்சர். எங்க மாமியாருக்கும் கேன்சர்தான், வயித்துப்புண் இல்ல. என் பொண்ணு ரத்தத்துலயும் அது கீது. அவர் ரத்த சொந்தம் எல்லாரும் போய் டெஸ்ட் எடுங்க." சாம்பார் வாளியோடு நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். நாத்தனார் சாப்பாட்டில் கை வைக்காமல், மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கூடி வந்த அந்த இடம் நின்றுபோனது. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்களாம். தன் பெண் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டவள் என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்கிறாள். அதை நான் மறுக்கவில்லை. என் மகளுக்கும் இனி வரன் சுலபமாக அமையாது. அவள் இதற்காக என்னிடம் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

உண்மையைச் சொன்னால் நாலு பேராவது பிழைப்பார்கள் என்று நம்பித்தான் வாயைத் திறந்தேன். பந்தியில் கேட்டவர்களில் இதுவரை ஒருவர்கூடப் போய் ரத்தம் கொடுக்கவில்லை. நாத்தனாருக்குப் போன் செய்தால் எடுப்பதில்லை. அவள் உடம்பில் அது இருக்கிறதா இல்லையா என்பது அவளுக்கே தெரியாது. எந்த இனத்துக்கு இது அதிகம், எந்த இனத்துக்குக் குறைவு என்றெல்லாம் யாராவது பேசினால் நான் எழுந்து வந்துவிடுகிறேன். என் மாமியார் தன் பிள்ளைகளுக்கு அறியாமல் கொடுத்துவிட்டுப் போனது ஒரு நோயைத்தான், அதைவிடக் கொடிய பயத்தை நாங்கள் தெரிந்தே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.