ஒட்டுத்தாளுக்கு அடியில் ஒரு பெயர்

திக்குவாயை வென்றான். நடிகனாகப் போகிறேன் என்றதும் இடுப்புவாரைக் கழற்றிய அப்பாவை வென்றான். கோணல் மூக்கோடு முப்பது ஆண்டுகள் படங்களிலும் மேடைகளிலும் தாக்குப்பிடித்தான்: போலீஸ்காரன், ஓட்டல் சிப்பந்தி, கதாநாயகனுக்குக் கதவு திறந்துவிடுகிறவன். லிமோஜ் நகரக் கசாப்புக்கடைக்காரர் மகன் அன்செல்ம் பூர்திக் வெல்லாதது ஒன்றுதான். சுவரொட்டியில் அவன் பெயர் வந்ததே இல்லை. அவன் தலைகாட்டிய படம் ஒன்றைக்கூட விடாத அக்கா ஒதீலுக்கு அது தொண்டையில் சிக்கிய முள்.

ஐம்பத்து மூன்று வயதில் பாரிஸ் நாடகம் ஒன்றில் கதாநாயகியின் அப்பா வேடம் கிடைத்தது. சுவரொட்டியும் அச்சாகிவிட்டது. மூன்றாவது பெயர் அவனுடையது.

ஒத்திகையில் திரை பாதியில் சிக்கிக்கொண்டது.

"அந்தக் கயித்த இழுங்கப்பா!" என்று கத்திவிட்டான்.

பிரெஞ்சு நாடக அரங்குக்குள் மறந்தும் சொல்லக்கூடாத சொல் 'கயிறு'. சொன்னவன் எல்லோருக்கும் ஒயின் வாங்கித் தந்து தோஷம் கழிக்க வேண்டும். அன்செல்மும் அன்று மாலையே வாங்கித் தந்தான். தலைவலி என்று முன்பே வீட்டுக்குப் போய்விட்ட கதாநாயகன் முசியே கர்தல் மட்டும் விடுபட்டார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தான்.

மறுநாள் காலை மேடைப் படியில் கர்தலுக்குக் கணுக்கால் பிசகியது.

"எனக்கு மட்டும் ஊத்தாம விட்டான் பாரு! இவன் இருக்கிற மேடையில கால் வைக்க மாட்டேன்."

"எந்தக் கால, முசியே?" என்றான் ஒரு தச்சன். எல்லோரும் சிரித்தார்கள், கர்தலைத் தவிர.

அரங்கின் முதலாளி அன்செல்மை ஓரமாக அழைத்தார். "உங்க மேல தப்பில்லதான். ஆனா டிக்கெட் விக்கிறது அவர் மூஞ்சி. நான் என்ன பண்ணட்டும்?"

விஷயம் தெரியாமல், இருப்பதிலேயே நல்ல கோட்டை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு முதல் காட்சிக்கு ரயிலேறி வந்தாள் ஒதீல். அரங்கின் வாசலில் தம்பி நின்றிருந்தான். நடந்ததைச் சொன்னான். சுவரொட்டியில் மூன்றாவது பெயரின் மேல் வேறொருவன் பெயரை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். ஒதீல் அந்தத் தாளை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள்.

"வி… விடுக்கா. போ… போலீஸ் வரும்."

முப்பது ஆண்டுகளாக அவள் கேட்காத திக்கல்.

"வரட்டும். நீ போடாத போலீஸ் வேஷமா?"

பாதிப் பெயர்தான் வெளியே வந்தது. கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினாள்.

"கையெழுத்துப் போடுடா."

"யா… யாருக்கு?"

"எனக்குத்தான். வேற எவன் கேட்டான்?"

எவனும் கேட்டதில்லை. கிழிந்த தாளின் மேல் அன்செல்ம் மெதுவாக எழுதினான். ஒரு ரசிகைக்கு அவன் போட்ட முதல் கையெழுத்து அது. கீழே தேதியும் போட்டான்: 1956 அக்டோபர் 12.