மருந்து குடிச்சிட்டாவ!

போன செவ்வாய்க்கிழமை கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் நின்று கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டிருந்தேன். ஊருக்குக் கிளம்பும் தோழிக்குக் கொடுத்துவிட. கடைக்காரர் ருசி பார்க்க ஒரு துண்டு நீட்டினார். வாயில் போட்டேன். போன் அடித்தது.

பால்ச்சாமி அண்ணாச்சி. நாகலாபுரத்தில் இருக்கும் என் அக்கா ஜெயராணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்.

"தாயி... உங்க அத்தான் மருந்து குடிச்சிட்டாவ. வண்டியில ஏத்திட்டோம். நீங்க பெரியாஸ்பத்திரிக்கு வந்துருங்க."

கட்.

வெளியூர் வாசகர்கள் கேட்கலாம் — மருந்து குடித்தால் நல்லதுதானே? எங்கள் கரிசல் பக்கம் வந்து பாருங்கள். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. மக்காச்சோளத்துக்கு அடிப்பதும் மருந்து. தீக்குச்சி முனையில் இருப்பதும் மருந்து. ஆனால் 'இன்னார் மருந்து குடிச்சிட்டார்' என்று ஒருவர் பதறிக்கொண்டு சொன்னால், அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த அர்த்தத்துக்கு ஆட்களைப் பறிகொடுத்த ஊர்கள் இவை.

வாயிலிருந்த மிட்டாயை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எங்கே போக வேண்டும் என்று சொல்லாமல் இருக்கிறேன் என்பதே உறைத்தது.

சவரிமுத்து அத்தானா? மழை பெய்யாவிட்டால் "பெய்யும்" என்பார். பெய்து பயிரைக் கெடுத்தால் "அடுத்த வருசம் பாப்போம்" என்பார். அந்த மனிதரா? வழியெல்லாம் இதையேதான் கேட்டுக்கொண்டு போனேன். ஆட்டோக்காரர் பாவம், கண்ணாடியில் என்னைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக வந்தார்.

நான் போய்க் காத்திருந்த கொஞ்ச நேரத்தில், ஆஸ்பத்திரி வாசலில் பால்ச்சாமி அண்ணாச்சியின் குட்டியானை வந்து நின்றது. கருவாடு ஏற்றும் சின்ன சரக்கு வண்டி. பின்னால் கோணிச் சாக்கு விரித்து, அதன்மேல் அத்தான். தலைமாட்டில் அக்கா. அவளைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"நாந்தாண்டி சொன்னேன்... தொலையும்னு நாந்தான் சொன்னேன்..."

அழுகைக்கு நடுவே கதை வந்தது. அத்தானுக்கு ஒரு வாரமாக இருமல். முந்தின நாள் விளாத்திகுளம் போனவர் இருமலுக்கு ஒரு பாட்டில், மக்காச்சோளப் புழுவுக்கு ஒரு பாட்டில், இரண்டையும் ஒரே மஞ்சப்பையில் வாங்கி வந்து ஒரே சன்னலில் வைத்திருக்கிறார். வாங்கியதோடு சரி. குடிக்கவில்லை. காலையில் அக்கா பொறுமை இழந்து கத்தியிருக்கிறாள் — "இருமி இருமி என் உசுர எடுக்குதீரு. மருந்தக் குடிச்சுத் தொலையும்!"

இவர் சும்மா இருந்தாரா? உள்ளேயிருந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு பதில் — "குடிச்சிட்டேன்ட்டி! இப்ப நிம்மதியா?"

சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் யார்? பால்ச்சாமி அண்ணாச்சி. ஒரே தாவல். சன்னலில் பூச்சிக்கொல்லி பாட்டில் கண்ணில் பட்டதும் வேறு விசாரணையே இல்லை. ஒரு செம்பு உப்புத்தண்ணீரை அத்தான் தொண்டையில் ஊற்றிவிட்டார். அத்தான் குடம் குடமாக வாந்தி எடுக்க, அதைப் பார்த்ததும் அக்காவுக்கும் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

"நான் இருமல் மருந்துதாம்லே குடிச்சேன்!" அத்தான் ஈன சுரத்தில் முனகினார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாவ அண்ணாச்சி," என்றார் பால்ச்சாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எட்டயபுரம் தாண்டும்போதே சொல்லிட்டேன். ஒங்க வரப்புல ஒரு சாண் வெட்டுனது நாந்தான். மனசுல வச்சுக்காதீய."

டூட்டியில் இருந்தது ஒரு இளம் லேடி டாக்டர். கேட்ட முதல் கேள்வி — "என்ன மருந்து?"

"பூச்சி மருந்து," என்றார் பால்ச்சாமி.

"இருமல் மருந்து," என்றார் அத்தான்.

"மக்காச்சோளத்துக்கு அடிக்கது," என்றாள் அக்கா.

"பேர் என்ன? பாட்டில் எங்கே?"

உப்புத்தண்ணீர்ச் செம்பைக்கூட மறக்காமல் வண்டியில் கொண்டு வந்திருந்தார்கள். பாட்டிலை ஒருவரும் எடுத்து வரவில்லை.

டாக்டர் அத்தான் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க பாத்துத்தான் குடிச்சீங்களா?"

"பாத்துத்தான் தாயி."

"கண்ணாடி போட்டிருந்தீங்களா?"

அத்தான் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதுவரை எரிச்சலில் இருந்த முகம் வெளிறிப்போனது. "கண்ணாடி... போடல. இவ மேல உள்ள கோவத்துல சட்டுன்னு எடுத்து ஒரு மூடி ஊத்திக் குடிச்சேன். ரெண்டு பாட்டிலும் பக்கத்துல பக்கத்துலதான் இருந்துச்சு."

"ருசி எப்படி இருந்தது?"

"உப்புத்தண்ணி குடிச்ச பொறவு எல்லாமே உப்புத்தான் தாயி."

சிரிப்பு வர வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை. அக்கா என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். இதுவரை ஊர்தான் பயந்தது... இப்போது அவரே பயப்படுகிறார்.

டாக்டர் பேசிக்கொண்டே வேலையைத் தொடங்கிவிட்டார். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார், நாடி பிடித்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். "விஷத்துல பல ரகம் இருக்கும்மா. ஒரு ரகம் நரம்பைப் பிடிக்கும். கண்ணுல கருமணி ஊசிமுனையாச் சுருங்கும், எச்சில் வழியும், வேர்த்துக் கொட்டும். இன்னொரு ரகம் ஆசிட் மாதிரி, போற வழியெல்லாம் சுட்டுக்கிட்டே போகும். வாந்தி எடுக்க வச்சா திரும்பி வரும்போதும் சுடும். எலிக்கு வைக்கிறதுல சிலது ரத்தத்தை உறைய விடாது. ஆனா ஒண்ணுமே காட்டாம ரெண்டு மூணு நாள் சும்மா இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. அதனாலதான் பாட்டிலைக் கேக்குறேன்."

"உப்புத்தண்ணி குடுத்தது நல்லதுதான தாயி?" என்றார் பால்ச்சாமி, பாராட்டை எதிர்பார்த்து.

"அதுவே ஆளைக் கொல்லும்," என்றார் டாக்டர். "வழியில இருந்த ஆஸ்பத்திரியை எல்லாம் தாண்டி வந்தது அடுத்த தப்பு."

பால்ச்சாமி செம்பை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அவர் மனைவி கோமதிக்குப் போன் போட்டேன். சன்னலில் இருக்கும் இரண்டு பாட்டிலையும் தொடாமல் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். முதல் போட்டோவில் கோமதியின் கட்டைவிரல் வந்தது. இரண்டாவதில் சன்னல் கம்பியும் ஒரு காக்காவும். அக்கா வாய்க்குள் ஜெபம் சொல்ல ஆரம்பித்திருந்தாள். மூன்றாவதில்... பாட்டில்கள்.

டாக்டர் என் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பூச்சிக்கொல்லி பாட்டிலின் மூடியில் சீல் அப்படியே இருந்தது. உடைக்கவே இல்லை. பக்கத்தில் இருமல் மருந்து — கழுத்துக்குக் கீழே ஒரு மூடி அளவு குறைந்து.

"ஐயா குடிச்சது இருமல் மருந்துதான்," என்றார் டாக்டர்.

"அதத்தான காலையில இருந்து கத்துதேன்!" அத்தானுக்குக் குரல் முழுசாகத் திரும்பிவிட்டது. அக்கா அவர் தோளில் ஒரு அடி வைத்துவிட்டு, அங்கேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும்தான். சொல்வதில் என்ன வெட்கம்?

ஆனாலும் டாக்டர் உடனே விடவில்லை. உப்புத்தண்ணீருக்காகச் சாயங்காலம் வரை படுக்க வைத்தார். சும்மா இருக்கும் நேரத்தில் பூச்சிக்கொல்லி பாட்டிலின் போட்டோவை எல்லோருக்கும் காட்டினார். சாய்ந்து நிற்கும் ஒரு சதுரம், அதன் கீழ்ப்பாதியில் ஒரு கலர் முக்கோணம். இந்த பாட்டிலில் மஞ்சள். "இது எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியுமே," என்றார் பால்ச்சாமி. "மெளகா கணக்குத்தான். செவப்புன்னா காரம் ஜாஸ்தி, நல்லாக் கேக்கும். நான் செவப்பாப் பாத்துத்தான் வாங்குவேன்."

"பச்சைன்னா சைவம்," என்றாள் அக்கா. "பிஸ்கட் பாக்கெட்ல போட்டிருக்குமே?"

டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். சிவப்பு என்றால் விஷத்தில் முதல் வரிசை. அடுத்து மஞ்சள், அடுத்து நீலம், கடைசியில் பச்சை. இது புழுவுக்கு எவ்வளவு கேட்கும் என்பதற்கான கணக்கு இல்லை. நமக்கு எவ்வளவு கேட்கும் என்பதற்கான கணக்கு. பச்சை என்றாலும் விஷம்தான், கொஞ்சம் தாமதமாகக் கோபப்படுகிற விஷம். பாட்டிலோடு ஒரு தாளில் என்னென்ன அறிகுறி வரும், விஷமுறிவுக்கு என்ன, மேலே பட்டால் என்ன செய்வது என்று தமிழிலும் அச்சடித்துத் தருகிறார்கள். அந்தத் தாளை நாம் என்ன செய்கிறோம்? பிரிப்பதுகூட இல்லை. கல்யாணப் பத்திரிகையில் நம் பேர் எந்த வரியில் இருக்கிறது என்று பார்க்கிற அக்கறையில் பாதி போதும்!

சாயங்காலம் குட்டியானையில் ஏறும்போது அத்தான் கேட்டார். "ஏ பால்ச்சாமி, வரப்பு வெசயம் என்னமோ சொன்னீரே?"

"எப்ப அண்ணாச்சி?" என்றார் பால்ச்சாமி, வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டே.

வீடு போய்ச் சேர்ந்ததும் அக்கா புதுச் சட்டம் போட்டாள். பூச்சிக்கொல்லி இனி வீட்டுக்குள் வரக் கூடாது. மோட்டார் ரூமில் இரும்புப் பெட்டி, அதற்குப் பூட்டு. அப்புறம் முக்கியமாக, அதை யாரும் மருந்து என்று சொல்லக் கூடாது. மனுசன் குடிப்பதுதான் மருந்து. பயிருக்கு அடிப்பது விஷம். விஷத்தை விஷம் என்றே சொல்ல வேண்டும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பாராட்டியும் வைத்தேன்.

நேற்று அக்கா போன் பண்ணினாள். சிரிப்பில் பேச்சே வரவில்லை. காலையில் அத்தான் தெளிக்கக் கிளம்பியிருக்கிறார். பெட்டிச் சாவியைக் காணோம். சட்டத்தை மதிக்கிற மனிதர் இல்லையா? தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியிருக்கிறார் — "ஏட்டி, எனக்கு விஷம் வேணும்ட்டி! எங்க பூட்டி வச்சிருக்க?"

பால்ச்சாமி அண்ணாச்சி சுவரேறிக் குதித்துவிட்டார். ஆனால் கையில் செம்பு இல்லை. குதித்த வேகத்தில் கேட்ட முதல் கேள்வி — "பாட்டில் எங்க?"