பூட்டிய வீடுகளுக்காகப் பயந்தவர்

கீழ்வேளூரில் ஒரு வீட்டின் மாடித் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஷார்ஜாவிலிருந்து ஷாஹினா கூப்பிட்டாள். ஹமீதா அக்காவின் ஒரே மகள். "ஆன்ட்டி, உம்மா போனை எடுக்கவே மாட்டேங்கிறாங்க. கொஞ்சம் போய்ப் பாருங்களேன்" என்றாள். வெளிநாட்டிலிருந்து இப்படிக் கூப்பிடுபவர்களுக்காகப் போய்ப் பார்த்துச் சொல்வதுதான் எங்கள் தொழில். "சார்ஜ் போட மறந்திருப்பாங்கம்மா, இதோ போறேன்" என்று சிரித்தபடிதான் சொன்னேன். தொட்டியைப் பாதியில் விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். ஹமீதா அக்கா எதையும் மறக்கிற ஆள் இல்லை.

தெருமுனையில் திரும்பும்போதே அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். "விடிகாலையில சுபுஹு தொழுதுட்டு உக்காந்தவங்கதாம்மா. நெஞ்சைப் புடிச்சிட்டு அப்படியே சாஞ்சிட்டாங்க. புள்ளைக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நிக்கிறோம்" என்றார். நான்தான் ஷாஹினாவுக்குச் சொன்னேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ வீடுகளின் நிலவரம் சொன்ன எனக்கு, இப்படி ஒரு நிலவரம் சொல்வது அதுதான் முதல் தடவை.

அன்று மாலை அடக்கம் முடிவதற்குள்ளேயே என் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. துக்கம் கேட்டவர்கள், கேட்டு முடித்ததும் கொஞ்சம் தயங்கி இன்னொன்றையும் கேட்டார்கள்: "எங்க வீட்டுச் சாவி இப்ப யார்கிட்ட இருக்குங்க?" அவர்கள் மீது தப்பில்லை. சாவியை அவர்கள் கொடுத்தது ஹமீதா அக்காவிடம், என்னிடம் இல்லை. அவர்கள் திரும்பக் கேட்டால் நானும் என்னோடு வேலை செய்யும் பெண்களும் நாளை எங்கே போவது என்று தெரியவில்லை. அழுகைக்கு நடுவே இதையும் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவராக இருந்தாலும் நினைத்திருப்பார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பாதித் தெரு சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறது. வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஹமீதா அக்காவின் சகோதரி குடும்பத்தோடு மலேசியா போய், வருஷங்கள் கழித்து வந்து திறந்தபோது நிலைக்கதவைக் கரையான் தின்றிருந்தது. "வாரம் ஒருநாள் ஒரு ஜன்னலைத் திறந்து வச்சிருந்தாக்கூட போதுமே" என்று ஹமீதா அக்கா பார்த்தவர்களிடமெல்லாம் புலம்பினார். புலம்பல் நிற்கவில்லை. கணவரை இழந்து தனியாக இருந்தவர், அடுத்தடுத்த வீடுகளைத் தாமே திறந்து, பெருக்கி, காற்றாட விட்டுப் பூட்ட ஆரம்பித்தார். கவலைப்பட்டே ஒருவர் தொழில் தொடங்க முடியும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

சம்பளம் பேசி ஒப்படைத்த முதல் வீடு செந்திலுடையது. விவசாயக் குடும்பம். நிலத்தைச் சித்தப்பா பார்த்துக்கொள்ள, பையன் சிங்கப்பூரில் இருந்தார். அம்மா இறந்த பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். "அம்மா விளக்கைக் குளிர வைக்க மாட்டாங்க, எண்ணெ தீந்து தானா மலையேற விட்டுடுவாங்க" என்றும் சொல்லியிருந்தார். தையல் கம்பெனி மூடி நான் சும்மா இருந்த நேரம் அது. ஹமீதா அக்கா என்னைத் தேடி வந்தார். "கூட்டறது, கழுவறதெல்லாம் நான் பாத்துக்கிறேன். வெளக்கு மட்டும் நீ வை. உன் கையால வச்சாத்தான் அந்தத் தம்பிக்கு மனசு ஆறும்" என்றார்.

முதல் வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுச் செருப்பை மாட்டினேன். அவர் நகரவில்லை.

"எங்க கெளம்புற? எரியிற வெளக்க உள்ள வச்சுப் பூட்டிட்டா போவ?"

"எல்லார் வீட்லயும் அப்படித்தானேக்கா எரியுது?"

"அங்கல்லாம் ஆள் இருக்காங்கடி."

செருப்பைக் கழற்றினேன். உட்கார்ந்தோம். எண்ணெய் தீர்ந்து திரி கருகும்வரை பூஜை மாடத்துக்கு எதிரே அவர் ஒரு தூணில் சாய்ந்து தஸ்பீஹ் மணி உருட்ட, நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அதுவே எங்கள் வழக்கமானது. "இப்படி ஒரு வீட்ல உக்காந்தா நாம எப்பக்கா பணக்காரி ஆவறது?" என்று நான் கேட்காத வாரமில்லை.

ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. காலையிலிருந்து விடாத மழை. வாய்க்கால் ரோட்டுக்கு ஏறியிருந்ததால் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தோம். செந்தில் வீட்டுச் சுவரில் ஈரம் கண்டதும் கரண்ட் அடிக்கும் என்று ஹமீதா அக்கா பயந்தார். உடனே மெயினை அணைத்தார். காற்றுக்கு அடித்துக்கொள்கிறதென்று கதவை உள்ளே தாழிட்டார். அந்த வாரம்தான் செந்தில், சித்தப்பா மூலமாக வீட்டுக்குள் கேமரா வைத்திருந்தார். மெயினோடு அதுவும் அணைந்தது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. சிங்கப்பூரில் அவருடைய போனில் வீடு திடீரென்று இருண்டுவிட்டது. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்; எங்கள் போன்கள் ஈரம் படாமல் பிளாஸ்டிக் பைக்குள் வண்டிப் பெட்டியில் இருந்தன. அதுவும் அக்காவின் ஏற்பாடுதான்.

செந்தில் போனில் சொல்ல, சித்தப்பா தெரு ஆட்களோடு கம்பும் கையுமாக வந்து கதவை இடித்தார். திருடர்கள்தான் வந்துவிட்டார்கள் என்று நாங்கள் மூச்சுவிடாமல் இருந்தோம். உள்ளே இருப்பவன் திறக்கவில்லை என்று அவர்கள் இன்னும் பலமாக இடித்தார்கள். கடைசியில் சித்தப்பாவின் குரல் அடையாளம் தெரிந்து நான் திறந்தேன். இருட்டு வீட்டுக்குள் ஒரே ஒரு அகல் வெளிச்சத்தில், முக்காட்டை இறுக்கிப் பிடித்தபடி ஹமீதா அக்கா விளக்குக்கு முன்னால் கையை விரித்து நின்றிருந்தார். காற்றில் அது அணையாமலிருக்க மறைக்கிறார்.

"என்னம்மா பண்றீங்க இங்க?" என்றார் சித்தப்பா.

"இன்னும் மலையேறலீங்க" என்றார் அக்கா.

விளக்கை ஏற்றிவிட்டு நாங்கள் போய்விடுகிறோம் என்றுதான் செந்தில் அதுவரை நினைத்திருந்தார். அன்று சித்தப்பா சொல்லித்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. பிறகு தம் நண்பர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். வீடுகள் வந்தன. நாகப்பட்டினம் பக்கத்து முஸ்லிம் வீடுகளும் வந்தன. ஆட்கள் சேர்த்தோம்; அக்கா இருவர் இருவராகத்தான் அனுப்புவார். போர்டு வைக்கலாம் என்றேன். "எந்தெந்த வீடு காலியா இருக்குன்னு நாமளே திருடனுக்குத் தண்டோரா போடவா?" என்று வாயை அடைத்துவிட்டார். இவ்வளவு பயம் உடம்புக்கு ஆகாது என்று ஒருமுறை கடிந்துகொண்டேன். "அவங்க அங்க நிம்மதியாத் தூங்கணும்னா இங்க ஒருத்தர் பயந்துகிட்டுதான் இருக்கணும்" என்றார். அந்த நெஞ்சு எவ்வளவுதான் தாங்கும்?

அக்காவுக்காக மூன்றாம் நாள் ஓதிய பாத்திஹாவுக்குச் செந்திலின் சித்தப்பா வந்திருந்தார். எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: "ஹமீதாம்மா இருந்தாங்க, நாங்க கவலைப்படல. இனிமே யாரு பொறுப்பு?" எங்கள் பெண்கள் அடுப்படி வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தார்கள். நான் என்று சொல்ல வாய் எழவில்லை. நான் பயந்து பழகியவள் இல்லை. பயந்தவரைக் கேலி செய்து பழகியவள். "செந்தில்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்" என்று சித்தப்பா கிளம்பிவிட்டார். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

செய்தி கேட்டு வந்திருந்த ஷாஹினாவுக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நேற்று ஷார்ஜாவுக்குக் கிளம்பினாள். பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டு, உம்மாவின் வீட்டைப் பூட்டி, சாவியை என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடினாள். "இதையும் பாத்துக்கங்க ஆன்ட்டி" என்றாள். என் பெயருக்கென்று வந்த முதல் சாவி அது.

கார் போன பிறகு நானும் கிளம்பினேன். பள்ளிவாசல்வரை போனவளுக்குக் கொல்லைக் கதவு தாழ் போட்டோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. திரும்பினேன். போட்டுத்தான் இருந்தது. மறுபடி வண்டியை எடுத்தேன். காஸை மூடினோமா என்று தோன்றியது. மறுபடி திரும்பினேன். இரவு முழுக்க அந்த வீட்டையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

நீங்கள் தூங்குங்கள் அக்கா. நான் விழித்திருக்கிறேன்.