நெமிலிச்சேரிச் சங்கும் என் ஐந்து கட்டையும்

அன்று காலை எழுந்ததும் முதலில் செய்த காரியம், பால்கூடக் காய்ச்சாமல் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மேல் ஸட்ஜத்தைத் தொட்டுப் பார்த்ததுதான். குரல் அதுவரை போனது, ஆனால் அங்கே நிற்கவில்லை. இரண்டாம் முறை உடைந்தது. வெளியிலிருந்து என் கணவர், "பூனை உள்ள பூந்துடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பாலை அடுப்பில் வைத்தேன்.

ஆகஸ்ட் மாத இரண்டாம் ஞாயிறு அது. அம்பத்தூரில் எங்கள் பங்குக் கோயிலின் பாடற்குழுவைப் பதினெட்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். செப்டம்பர் திருவிழாவின் கடைசி நாள் பாடற்பூசை எப்போதும் எங்களுடையது. அதில் ஐந்து கட்டைச் சுருதியில் மேல் ஸட்ஜத்தின் உச்சிக்குப் போய் நிற்கும் தனிக்குரல் என்னுடையது. இந்த முறை பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டு, "நெமிலிச்சேரியில ரெஜினா ஒரு குழு வச்சிருக்காங்களாமே, எல்லாரும் சொல்றாங்க. போய்க் கேட்டுட்டு வாங்க. நல்லா இருந்தா கடைசி நாளை அவங்களுக்குக் குடுக்கலாம். உங்க காது சொன்னா சரிதான்" என்றார்.

ரெஜினா என் குழுவில் ஆறு வருடம் இரண்டாம் குரல் பாடியவள். மனை விலை மலிவு என்று வீடு கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனவள். 'சுமார்தான் ஃபாதர்' என்று நான் சொன்னால் போதும், யாரும் மறுபடி கேட்கப் போவதில்லை. அந்தச் சொல்லைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன் என்று சொல்லலாம்.

ஆறு பத்துக்குத் திருவள்ளூர் போகும் எலக்ட்ரிக் டிரெயின். டிக்கெட் மூன்று ரூபாய், தூரம் சுமார் பதினொரு கிலோமீட்டர். ஞாயிறு காலை என்பதால் சன்னலோரம் கிடைத்தது. திருமுல்லைவாயில், அண்ணனூர் வரை பெட்டி காலி. ஆவடியில் பூக்கூடைகளும் காய்கறி மூட்டைகளும் ஏறின. நெமிலிச்சேரியில் இறங்கும்போது ஆறரை. பிளாட்பாரத்தில் நிழலுக்குக் கூரை கிடையாது, குடை கொண்டு போங்கள். வெளியே ஓர் ஆட்டோதான் நின்றது.

"மாதா கோயில் போகணும்பா."

"சங்கு கோயிலா? குந்துமா, பத்து ரூபா குடு."

சங்கு என்றால் என்ன என்று கேட்டேன்.

"அங்க அந்தோணின்னு ஒருத்தன் கீறான்மா. மில்லு சங்கு மாறி ஒரே சத்தம் வுடுவான். மத்தவங்கோ அது மேல பாடுவாங்கோ. நம்ம சாமி வேற. ஆனா ஞாயித்துக்கெயம வண்டிய ஓரங்கட்டிகினு கேப்பேன். இன்னாமோ நெஞ்சு அடங்குது."

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்பத்தூர் கோயில்ல கேட்டிருக்கியா?" என்றேன்.

"அங்க மைக்கு வச்சிகினு கத்துதுங்கோமா. கேக்காதவனுக்கும் கேக்குது."

அந்த மைக்கின் முன்னால் நிற்பவள் நான்தான் என்று சொல்லவில்லை. சில்லறை சரியாக இருந்தது, கொடுத்துவிட்டு இறங்கினேன்.

கோயில் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு கூடம். ரயில் பாதையை ஒட்டிய பக்கம் சுவர் பாதி உயரம்தான். உள்ளே பாய் விரித்துக்கொண்டிருந்த ரெஜினா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "வழி தெரிஞ்சிதாக்கா? இன்னா இப்பிடி எளச்சிட்டீங்க? வாங்க, எங்ககூட நின்னு பாடுங்க, எடம் கீது" என்றாள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

குழுவில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் ஆவடி, பட்டாபிராம் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள். ஆர்மோனியம் கிடையாது, சுருதிப் பெட்டியும் இல்லை. முன்வரிசையில் நடுவில், கழுத்துவரை பொத்தான் போட்ட கட்டம் போட்ட சட்டையில், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றிருந்தார். பேச்சு வராதவர், வயதுக்கேற்ற அறிவு வளர்ச்சி இல்லாதவர். அவர்தான் அந்தோணி. ரெஜினா அவர் தோளை மெல்லத் தட்டினாள். அவர் வாய் திறந்தார். ஒரே ஒரு சுரம், ஏற்றமில்லை, இறக்கமில்லை.

அது ஒன்றாம் கட்டை. ரெஜினா அதை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளவில்லை, பஞ்சமமாக வைத்துக்கொண்டு நான்கு கட்டையில் பாட்டை எடுத்தாள். இசை பழகாதவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: மனையில் ஏற்கெனவே ஒரு சுவர் நிற்கிறது, அதை இடிக்காமல் அதற்குத் தகுந்தபடி மற்ற மூன்று சுவர்களையும் எழுப்பிவிட்டாள். வருகைப் பாடல் அந்தச் சுரத்தின் மேல் சாய்ந்தும் விலகியும் மறுபடி வந்து சேர்ந்தும் போயிற்று.

எனக்கு வயிறு எரிந்தது. குறை தேடினேன். பின்வரிசைப் பெண் இழுக்கிறாள், ஓர் ஆண்குரல் மூக்கால் வருகிறது. இரண்டும் உண்மை, ஆனால் இரண்டாலும் ஒரு பயனும் இல்லை. அழகு அவரவர் கண்ணைப் பொறுத்தது என்று சொல்வார்கள். அன்று அது உண்மையாக இருக்கக்கூடாதா என்று ஏங்கினேன். என் காதைப் பொறுத்ததாக இருந்தால், அந்தப் பாட்டு அசிங்கமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நான் அவ்வளவு விரும்பினேன். நான் விரும்பாதபோதும் அது அழகாகவே இருந்தது. உண்மை, நன்மை, அழகு மூன்றும் கடவுளுடையவை என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அதற்கு என் பொறாமையே சாட்சி சொல்ல வரும் என்று நினைத்ததில்லை. இல்லாத ஒன்றைப் பார்த்து யாருக்கும் வயிறு எரியாது.

நற்கருணைப் பாடலின்போது ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. ரெஜினா தோளைத் தட்டினாள். அந்தோணி திரும்பவில்லை. மறுபடி தட்டினாள். அவர் கண்ணெல்லாம் பெட்டிகள் மேலேயே இருந்தது. அவள் தானாகவே பாட்டை எடுத்தாள். பிடிமானம் இல்லாததால் சுருதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, முடியும்போது மூன்று கட்டைக்கு வந்துவிட்டது. நன்றாக இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஆனால் குழுவில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண், அவருக்கு ரயில் நன்றாகத் தெரியட்டும் என்று ஓரடி நகர்ந்து நின்றுகொண்டு பாடினாள்.

பூசை முடிந்ததும் எல்லாருக்கும் டீயும் பன்னும் தருகிறார்கள். வெளியூர்க்காரர் என்று யாரையும் விடுவதில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆளை நல்லாப் பயன்படுத்தியிருக்க ரெஜினா" என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன்.

"பயன்படுத்துறதாக்கா? நான் வர்றதுக்கு முன்னாடியே அந்த எடம் அவனுது. வாயே தொறக்காம அங்கயே நின்னுகினு இருப்பானாம். ஒரு நாளு திடீர்னு சத்தம் வுட்டான், எல்லாரும் சிரிச்சிட்டோம். அதுக்கப்புறந்தான் நான் சுருதி பாத்தேன்."

"இன்னிக்கு நிறுத்திட்டாரே."

"அதுக்கு? எடத்த வேற ஆளுக்கா குடுக்க முடியும்? அவனுக்குக் கூட்ஸு வண்டி முக்கியம்கா" என்று சிரித்தாள். அந்தோணி என் கையிலிருந்த பன்னைப் பார்த்தார். கொடுத்தேன். பாதியைப் பிய்த்து எனக்கே திருப்பித் தந்தார்.

திரும்பும் வண்டியில் உட்கார இடமில்லை. ஆவடிவரை கதவோரம் நின்றுகொண்டு வந்தேன். பொறாமை குறையவில்லை, ஆனால் அது ரெஜினாவின்மேல் இல்லை என்பது அண்ணனூர் வரும்போது புரிந்தது. அந்தோணியின்மேல். அவர் பாடியதால் பாட்டு அழகாயிற்று, பாடாமல் இருந்ததால் கெட்டுப்போயிற்று. இரண்டுக்கும் நடுவே அவர் நின்ற இடம் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. எனக்கு நாற்பத்தாறு வயது. எங்கள் கோயிலில் நான் நிற்கும் இடம் அந்த மேல் ஸட்ஜத்தின் பெயரில் இருக்கிறது. அது உடைந்துவிட்டது என்பது எனக்கும், இல்லாத அந்தப் பூனைக்கும் மட்டும்தான் தெரியும்.

போக நினைப்பவர்களுக்கு: அங்கே இரண்டாம், நான்காம் ஞாயிறுகளில் மட்டுமே பூசை, காலை ஏழரைக்கு. ஆறு பத்து வண்டியை விட்டால் அடுத்தது சரிப்படாது. ஆட்டோ பத்து ரூபாய், பேரம் பேச வேண்டாம். தரையில் பாய்தான், முழங்கால் வலி உள்ளவர்கள் சுவரோரம் போய்விடுங்கள். கூட்ஸ் வண்டி வந்தால் பாட்டு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

இதை எழுதும் இன்று வெள்ளிக்கிழமை. ஃபாதர் நாளை மறுநாள் கேட்பார். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது திருவிழா முடிந்திருக்கும். வீட்டில் என் கணவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. கடைசி நாளை ரெஜினா குழுவுக்குக் கொடுக்கச் சொல்லப் போகிறேன். பிறகு ரெஜினாவிடம் போய், அன்று நான் வேண்டாம் என்ற இடத்தைக் கேட்கப் போகிறேன், அந்தோணிக்குப் பக்கத்தில், நான்கு கட்டையில்.