படகுக்குச் சுற்றிய புடவை

பெரியவளே, இதில் பாதி உனக்கு நினைவிருக்கும். தம்பி அப்போது உன் இடுப்பில் இருந்தான். சின்னவள் பிறக்கவே இல்லை. மூன்று பேருக்குமாகத்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

வடக்குப்பட்டுப் பக்கம் கம்பெனி ஷிப்டு பஸ்ஸில் தூங்கிக்கொண்டே ஒரு பள்ளத்தைக் கடந்து போகிறீர்களே, அது அப்போது ஏரியின் வால். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பினால் தண்ணீர் பின்னால் ஏறி, படப்பைக்குப் போகிற எங்கள் பாதையை மூடிவிடும். வடிவதற்கு மார்கழி ஆகிவிடும். அதுவரை ஆண்கள் துணியைத் தலையில் சுருட்டி வைத்துக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் நடந்து போவோம். பெண்பிள்ளைகள் வீட்டோடு கிடப்பார்கள்.

பெரியவள் படப்பைப் பள்ளியில் எட்டாவது வந்திருந்தாள். முந்தின வருஷம் மழைக்காலம் முழுக்கப் போகாமல், எப்படியோ தேறியவள். இந்த முறை தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“நல்லாப் படிக்கிற பொண்ணுங்க. போன வருஷம் நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன். இந்த வருஷமும் ரெண்டு மாசம் வரலைன்னா பேரை எடுக்கறதத் தவிர எனக்கு வேற வழியில்ல. நீங்கதான் ஏதாவது செய்யணும்” என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. பேரை எடுத்துவிட்டால் அடுத்தது என்ன என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே அவள் வயதுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏரி மீனைக் குத்தகை எடுத்திருந்தவர் விட்டுப்போன மரப்படகு ஒன்று கரையில் கவிழ்ந்து கிடந்தது. பல கோடைகளைப் பார்த்து எலும்பு மாதிரி வெளுத்திருந்தது. அதைச் சரிபண்ணி மழைக்காலத்தில் ஓட்டுவது என்று ஊரில் பேசி முடிவானது. ஆசாரி வந்து பலகை இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் திணித்து அடைத்தார். அதன்மேல் தார் பூச வேண்டும். உங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பெரும்புதூரில் லாரி ஷெட்டில் வேலை பார்த்தார். ஷெட்டில் ஒரு தடவைதான் தார் தருவார்களாம். அதுவும் சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துவருகிற அளவுதான்.

“எவ்ளோ புடிக்கும்னு இப்பவே சொல்லு மாமா. அப்பறம் பத்தலன்னா நான் போயி பல்லக் காட்ட முடியாது” என்று என்னிடம் சொன்னார் மச்சான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சுண்ணாம்பும் பெயின்டும் அடிப்பதுதானே என் தொழில்? சுவரைப் பார்த்தவுடன் இவ்வளவு சுண்ணாம்பு என்று சொல்லிவிடுவேன். முழக்கோலை எடுத்துக்கொண்டு படகைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சுவருக்கு நீளமும் உயரமும் இருந்தால் போதும். இது ஒரு பக்கம் உப்பி, ஒரு பக்கம் ஒடுங்கி, மூக்கில் போய்க் கூராகிவிட்டது. கோல் எங்கேயும் உட்காரவில்லை.

“இன்னா மாமா, செவுரா இது? நாலு மூலையத் தேடிக்கினு கீற?”

தம்பியை இடுப்பில் வாங்கிக்கொண்டு வந்து நின்ற உங்கள் அம்மா சிரித்தாள். “வயிறு பொடச்சிக்கினு கீது, இடுப்பு ஒடுங்கிக்கினு கீது. இத கோலால அளக்கறாராம். ஒரு பொடவய எட்தாந்து சுத்திப் பாருய்யா. தன்னால தெரியுது.”

“அக்கா, அப்டியே படகுக்கு ஒரு தாலியும் பண்ணிடட்டா?”

“மொதல்ல உனக்கு ஒருத்தி கெடைக்கட்டும்டா. அப்பறம் படகுக்குப் பாக்கலாம்.”

சிரிப்போடு சிரிப்பாகப் புடவை வந்தது. நனைத்துப் போட்டதும் படகின் வளைவில் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு புடவை முடிந்த இடத்தில் கரியால் கோடு கிழித்து, எடுத்து மறுபடி போட்டோம். இரண்டு புடவையில் படகு முழுக்க மூடிவிட்டது. கதவுக்குப் பெயின்ட் அடித்த பழக்கத்தில், முந்தானை அகலம் பரப்புக்கு ஓர் ஆழாக்கு போதும் என்று எனக்குத் தெரியும். அதை வைத்துப் பெருக்கி, இரண்டு பூச்சுக்கு ஒரு டின் என்றேன். மச்சான் மறுநாளே டின்னோடு வந்துவிட்டார்.

இங்கேதான் நாங்கள் கோட்டைவிட்டோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு முன்னால் தண்ணீர் தெளிப்போம். காய்ந்த சுவர் சுண்ணாம்பைக் குடித்துவிடும், நனைந்தது குடிக்காது. எங்கள் பக்கம் பொங்கலுக்கு வீட்டுக்கு வீடு செய்கிற வேலை இது. படகோ அத்தனை வருஷம் காய்ந்த கட்டை. “அப்டியே பூசுனா மொத்தத் தாரையும் உறிஞ்சிடும்” என்றேன். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. பெண்கள் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். மச்சான் உட்பட ஆளுக்கொரு சுண்ணாம்பு மட்டையை எடுத்துக்கொண்டோம். மண்ணெண்ணெய் கலந்த தார் ஈரப் பலகைமேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. பாதி ஆழாக்கிலேயே முந்தானை அகலம் முடிந்துவிட்டது. தார் மிச்சமாகிறது என்று எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்திலேயே இரண்டு பூச்சுக்கு மேலே இன்னொரு பூச்சும் பூசினோம்.

மறுநாள் வெயில் ஏறியதும் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. மச்சான் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தார். ஒரு முழத்துக்கு உரிந்து கையோடு வந்தது.

“மாமா, நல்லா முறுகலா வந்துகீது. சட்னி இருக்குதா?”

யாரும் சிரிக்கவில்லை. டின்னில் கால்வாசிகூட இல்லை. கிழக்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. பெரியவள் உரிந்த துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்ப இஸ்கோலு?” என்று கேட்டாள்.

அம்மாதான் முதலில் குனிந்தாள். உரிந்ததையெல்லாம் கூடையில் பொறுக்கினாள். “சோறு அடி புடிச்சா சட்டியயா தூக்கிப் போடறோம்? உருக்கிப் பாக்கலாம்” என்றாள். பழைய சட்டியில் போட்டு விறகடுப்பில் இளக்கி, அடுப்பிலிருந்து இறக்கித் தள்ளி வைத்து, மண்ணெண்ணெய் விட்டுக் கலக்கினோம். தூசியும் தும்புமாக இருந்தாலும் தார் தாராகத்தான் இருந்தது. ஆனால் பழைய அளவு இல்லை.

அதற்குள் பலகை காய வேண்டுமே? படகை ஒரு பக்கமாகச் சாய்த்து, வெயில் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தோம். மழை இரண்டு தடவை பயமுறுத்திவிட்டுப் போனது. காய்ந்த இடத்தில் முந்தானை அகலம் பூசிப் பார்த்தேன். இரண்டு ஆழாக்கு குடித்தது. ஆனால் மறுநாள் நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. அப்படியானால் இருக்கிற தார் பாதிப் படகுக்குத்தான் வரும். மட்டையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது பெரியவள் கேட்டாள்: “யப்பா, படகு முழுசாவா முங்கப்போவுது?”

பலகையில் பழைய பாசிக்கறை ஒன்று கோடாக ஓடியதைக் காட்டினாள். ஆளும் வலையும் ஏற்றிப் போன காலத்தில் தண்ணீர் அதுவரை நின்றிருக்கிறது. எழுந்து போய்க் கையை வைத்துப் பார்த்தேன். சுவர் என்றால் தரையிலிருந்து உத்தரம் வரை ஒரே மாதிரி அடித்துப் பழகிய கை. ஓர் இடத்துக்கு அதிகம், ஓர் இடத்துக்குக் குறைவு என்று அதற்குத் தோன்றவே தோன்றாது.

மறுபடி புடவை வந்தது. இந்தத் தடவை அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு சாண் தள்ளி, அதுவரைக்கும்தான் சுற்றினோம். ஒரு புடவையும் இன்னொரு முந்தானையும் பிடித்தது. எடுக்கும்போது ஒரு முனை தாரில் ஒட்டிக் கிழிந்துவிட்டது. அம்மா என்னை ஒரு முறை முறைத்தாள். கணக்குப் போட்டேன்: கோட்டுக்குக் கீழே முதல் பூச்சு தாராளமாக, இரண்டாவது மெலிதாக. மேலே மிச்சமுள்ள பலகைக்கு வீட்டுக்கு வீடு விளக்குக்கு வைத்திருந்த புங்க எண்ணெயைக் கேட்டு வாங்கித் தேய்த்தோம். படகு கீழே கறுப்பும் மேலே செம்பழுப்புமாக நின்றது. இடுப்புவரை சேற்றில் நின்று நாற்று நட்டவள் மாதிரி இருக்கிறது என்று அம்மா சொன்னாள்.

பூச்சு காய்ந்த பிறகுதான் மழை பிடித்தது. பாதை மூழ்கிய மறுநாள் விடிந்து மழை விட்டிருந்த நேரத்தில் படகை இறக்கினோம். பெரியவள் தலையில் கோணியைக் கவிழ்த்துக்கொண்டு, பையை மார்போடு கட்டிப்பிடித்து ஏறினாள். எங்கள் வீட்டில் இருந்த ஒரே குடையில் ஓட்டை. நெற்றியிலேயே சொட்டுகிறது என்று அதை விட்டுவிட்டு வந்திருந்தாள். அவளைப் பார்த்து, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வீட்டுப் பெண்ணும் ஓடிவந்து ஏறிக்கொண்டது. அதன் அம்மா கரையிலிருந்து கத்தினாள்: “ஏய், யாரக் கேட்டுடி ஏறுன?” உங்கள் அம்மா அதைவிடப் பெரிதாகக் கத்தினாள்: “போவட்டும் வுடு அக்கா! சாயங்காலம் வந்துடும். மாப்ள எங்கியும் ஓடிடமாட்டான்!”

நான்தான் கழி ஊன்றினேன். என் கண் பெண்களின் காலடியிலேயே இருந்தது. அக்கரையில் இறங்கியதும் பெரியவள் குனிந்து பாவாடை ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, என்னிடம் ஈரமில்லாத உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள். நேரமாகிவிட்டிருந்தது அவளுக்கு.

வெறும் படகைத் திருப்பிக் கொண்டுவந்து கட்டினேன். உள்ளே பலகை பலகையாகத் தடவினேன். ஓர் இடுக்கில் மட்டும் வியர்த்த மாதிரி ஈரம். மற்றதெல்லாம் காய்ந்திருந்தது.

வீட்டில் ஒருவரும் இல்லை. அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு களை எடுக்கப் போயிருந்தாள். டின்னின் அடியில் ஒரு கரண்டி அளவு தார் ஒட்டிக்கொண்டிருந்தது. அடுப்புத் தணலுக்குப் பக்கத்தில் வைத்து அதை இளகவிட்டேன். கொடியில் கிடந்த குடையை எடுத்து விரித்து, புடவையில் கிழிந்த முனையை ஓட்டை அளவுக்கு வெட்டி, ஓட்டையின்மேல் வைத்துத் தாரைத் தடவினேன். தடவுவதற்கு முன்னால் துணி காய்ந்திருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். பிறகு குடையை விரித்தபடியே தாழ்வாரத்தில் காய வைத்தேன்.